இடப்பக்கத்துச் சத்தம்

சேர்வராயன் மலையடிவாரத்தில் சம்மனசு மேரி என்று ஒரு மேஸ்திரி இருந்தார். கார் மெக்கானிக். நாற்பது வயது. பட்டறை கிடையாது. யார் வீட்டில் கார் மக்கர் செய்தாலும் அங்கே போய், ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொள்வார். ஸ்பேனரைத் தொடமாட்டார். வண்டிக்காரரேதான் கழற்ற வேண்டும், வண்டிக்காரரேதான் மாட்ட வேண்டும். இப்படியும் ஒரு மெக்கானிக்கா என்று சிரித்தவர்கள் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்காகக் காத்திருந்தார்கள். பலர் அவரைவிட மூத்தவர்கள். அவருடைய சிஷ்யர்கள் என்று சொல்லிக்கொள்ள அவர்கள் வெட்கப்படவில்லை.

அப்படி ஒரு சிஷ்யர் தில்லைநாயகம். பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் ஊர் ஊராகப் போய் அடுத்தவர் குறைகளை எழுதிக்கொடுத்தவர். பாவம், அந்தப் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. சில மாதங்களாக அது ஓடும்போது முனகியது. மெதுவாகப் போனால் பக்கத்து வீட்டில் மாவு அரைப்பதுபோல் கேட்கும். வேகம் கூடக்கூட வண்டி முழுக்க ஊம் என்று நிறைந்துவிடும். சக்கரத்துப் பேரிங் தேய்ந்தால் வரும் சத்தம் என்று அவருக்கே தெரியும். எந்தச் சக்கரம் என்பதில்தான் வீட்டில் தகராறு.

ஒரு மாதத்துக்கு முன்பு மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி தையல்நாயகி, சத்தம் உங்கள் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்றார். உனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார் இவர். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அந்தக் கேள்வியைப் பல விஷயங்களுக்கு அவர் கேட்டிருக்கிறார். மலைமேல் தன் அக்கா வீடு வந்ததும் தையல்நாயகி இறங்கிப் போனார். திரும்பும் நேரத்தில், நீங்கள் போங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்றார்.

நாலு நாளில் வந்துவிடுவாள் என்று தில்லைநாயகம் நினைத்தார். சனிக்கிழமையன்று அக்கா வீட்டிலிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் தையல்நாயகியின் துணிமணிகளையும் மருந்துச் சீட்டையும் ஆதார் அட்டையையும் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள். துணி என்றபோதுகூட அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஆதார் அட்டை என்றதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை மேஸ்திரி வந்தபோது மலையிலிருந்து மேகம் இறங்கி வாசல்வரை வந்திருந்தது. காரின் முன்பாதி மட்டும் தெரிந்தது. பின்சீட்டில் தையல்நாயகியின் பெட்டி இருந்தது.

தில்லைநாயகம் நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்று தெரியவில்லை, இந்தச் சத்தத்தோடு போய் நிற்க மாட்டேன் என்றார். இடப்பக்கத்துப் பேரிங்கைப் போன வாரமே தானே மாற்றிவிட்டதாகவும், புதிது போட்டும் சத்தம் போகவில்லை என்றும் சொன்னார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பது அவர் தீர்ப்பு. வேறு கடையில் இன்னொரு செட்டும் வாங்கி வைத்திருந்தார்.

கழற்றிய பழைய பேரிங்கை மேஸ்திரி கேட்டு வாங்கி, விரலால் சுற்றிப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு சுற்றியது.

“இது நல்லாத்தானே சார் இருக்கு?”

“சத்தம் இடப்பக்கம்தான் மேஸ்திரி. என் காதால கேட்டேன்.”

“எங்க உக்காந்து கேட்டீங்க?”

அவர் டிரைவர் சீட்டைக் காட்டினார். மேஸ்திரி சாவிக்குக் கையை நீட்டினார். தில்லைநாயகத்துக்குக் கொஞ்சம் தயக்கம்தான். வாங்கிய நாளிலிருந்து அந்தக் காரை வேறு யாரும் ஓட்டியதில்லை. ஆனாலும் கொடுத்தார்.

தில்லைநாயகம் ஏறப்போன இடப்பக்கக் கதவு முதல் இழுப்பில் திறக்கவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் சீட்டுக்குள்ளிருந்த ஏதோ கம்பி இடுப்பில் குத்தியது. சத்தத்தை நன்றாகக் கேட்கலாம் என்று கண்ணாடியை இறக்கப் பார்த்தார். கைப்பிடி சும்மா சுற்றியது.

“இந்தக் கண்ணாடி இறங்காதா?”

“உங்க கார் சார். நீங்கதான் சொல்லணும்.”

மலைப்பாதையில் இரண்டு வளைவு தாண்டியதும் உலகம் வெள்ளையாகிவிட்டது. மரங்கள் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. ரோட்டோரத்துக் கைப்பிடிச் சுவர் அவர் முழங்கையை ஒட்டியே வந்தது. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை, மேகம்தான். மேகம் சற்று விலகிய ஓரிடத்தில், வெகு ஆழத்தில், ஒரு மரத்தின் உச்சி தெரிந்தது. எத்தனையோ வருடமாக வந்துபோகிற பாதை. இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு பள்ளம் இருப்பதை அவர் இன்றுதான் பார்த்தார்.

மலை ஏறும்போதெல்லாம் தையல்நாயகி மடியிலிருக்கும் பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பைக்குள் என்ன புதையலா என்று இவர் கேலி செய்வார். இப்போது இவர் மடியில் பை இல்லை. கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

சத்தம் மெல்ல மெல்ல ஏறியது. மேகமும் சத்தமும் கலந்து ஒன்றாகி, அவருக்குக் கண் செருகியது. வண்டி ஏறுகிறதா இறங்குகிறதா, இது காலையா மாலையா, தான் தில்லைநாயகமா வேறு யாருமா என்பதெல்லாம் கலங்கிப்போன அந்த நேரத்தில், சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. கார் இடதுபுறம் வளைந்து, பாரம் வலப்பக்கம் சாயும்போதெல்லாம் அது உறுமியது. டிரைவரின் காலடிக்குக் கீழே.

“மேஸ்திரி, சத்தம் உங்க பக்கத்துலேருந்துதான் வருது.”

“எனக்கு உங்க பக்கம் கேக்குது சார்.”

“இல்ல, உங்க பக்கம்தான்.”

சொல்லி முடித்த பிறகுதான், இதே வார்த்தைகளை இதே சீட்டிலிருந்து ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருப்பது அவருக்கு நினைவு வந்தது. மேஸ்திரி அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் தில்லைநாயகம் வலப்பக்கத்து முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தார். மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்தபடி, காதை நம்ப வேண்டாம், ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு இன்னொரு கையை உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்கின் மேல் வைக்கச் சொன்னார். தில்லைநாயகம் கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். தூங்குகிற பூனையின் வயிற்றைத் தொட்டதுபோல் உள்ளங்கையில் குறுகுறுவென்று அதிர்ந்தது. கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு சக்கரத்தைக் கழற்றினார். நட்டைத் திருகி எடுத்து, பழைய பேரிங்கை வெளியே உருவினார். உருளைகள் சூட்டில் நீலம் பாரித்து, சொத்தைப் பல்போல் குழி விழுந்து கிடந்தன. இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் மலை ஏறினோம் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது. அவருக்கு மட்டுமா, பக்கத்தில் உட்கார்ந்து வந்தவருக்கும்தானே ஆபத்து. புதிய பேரிங்கில் கிரீஸை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி நிரப்பினார். பேரிங் உட்காரும் பழைய கிண்ணத்தைத் தட்டி எடுத்துப் புதியதை இறக்கினார். நட்டைப் பலம்கொண்ட மட்டும் முறுக்கப் போனவரை மேஸ்திரி தடுத்தார். முறுக்கிவிட்டு ஒரு துளி தளர்த்தச் சொன்னார். அப்போதுதான் அது எரியாமல் ஓடும்.

தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் இல்லை. அவ்வளவு அமைதியில் காருக்குள் உட்கார்ந்திருப்பது அவருக்கு விநோதமாக இருந்தது. திரும்பி வந்ததும், அந்தப் பக்கக் கண்ணாடியையும் சரிசெய்துவிடலாமா என்று அவரே கேட்டார். மேஸ்திரி ஸ்டூலை இடப்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். கண்ணாடி இறங்கியது. கதவு முதல் இழுப்பில் திறந்தது. குத்திய கம்பிக்கு மேல் தில்லைநாயகமே ஒரு பழைய போர்வையை மடித்துத் தைத்தார்.

மணி இரண்டு. கை கழுவ உள்ளே போனவர் அரைமணி நேரம் வரவில்லை. வந்தபோது கையில் நாலு தாள்கள் இருந்தன. ஆய்வறிக்கை எழுதிப் பழகிய கை, ஒவ்வொரு குறைக்கும் எண் போட்டிருந்தது. இந்தத் தடவை எல்லாமே அவருடைய குறைகள். பேரிங்கில் தொடங்கி, கண்ணாடி, கம்பி, பள்ளம் என்று போய், கல்யாணமான முதல் வருடம்வரைக்கும் எழுதியிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. மேஸ்திரிக்கும் மனசு இளகியது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

“போனதும் வாசல்லயே நின்னு எல்லாத்தையும் படிச்சிடுவேன் மேஸ்திரி. ஒண்ணு விடமாட்டேன்.”

“படிக்க எவ்வளவு நேரம் ஆகும் சார்?”

“இருபது நிமிஷமாவது ஆகும்.”

“அதுவரைக்கும் அம்மா என்ன பண்ணுவாங்க?”

“கேட்டுக்கிட்டிருப்பா.”

மேஸ்திரி எழுந்து, உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் துடைத்து, பெட்டியோடு இதையும் எடுத்துப் போகச் சொல்லி அவரிடம் கொடுத்தார்.

“முப்பத்தோரு வருஷமா அதைத்தானே சார் பண்ணிட்டிருந்தாங்க.”