கந்தலாத்தாவிடம் போட்ட பாவாடை

ரொம்ப நாளைக்கு முன்னே, உடுத்திய துணிக்கு வாயும் பேச்சும் இருந்த காலத்திலே, நெடுங்கரை என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டிலே அங்கமுத்து என்று ஒரு தையல்காரர். லேசுப்பட்ட தையல்காரர் இல்லை. ராஜா வேட்டைக்குப் போனால் கூடாரம் இவர் தைத்தது. ராணி பல்லக்கில் போனால் திரை இவர் தைத்தது. பட்டத்து யானைக்கு முகபடாம் வேண்டுமா, கூப்பிடு அங்கமுத்துவை. கையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாய்தான் சரியில்லை.

மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள், பவளாயி. அவளுக்கு ஐந்து வயதில் ஒரு சிவப்புப் பாவாடை தைத்தார். பத்து வயதில் ஒரு பச்சைச் சட்டை தைத்தார். பதினாறு வயதில் ஒரு மஞ்சள் தாவணிக்கு ஓரம் அடித்துக் கொடுத்தார். அந்தத் தாவணி பழசாவதற்குள் பவளாயி ஆற்றில் பரிசல் ஓட்டும் சடையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

"அரண்மனைத் தையக்காரன் மக பரிசக்காரனுக்கா? என் பொணத்தத் தாண்டிப் போ!" என்று குதித்தார் அங்கமுத்து.

"அப்பா, ஒரு தடவ நான் சொல்றதக் கேளுங்க" என்றாள் பவளாயி. தாவணி முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவர் காதைப் பொத்திக்கொண்டார். அவள் தாவணியை அவிழ்த்து மடித்து வைத்தாள். அம்மாவின் சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஆற்றைக் கடந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தெருவில் ஒரு குரல் கேட்டது.

"கந்தல் குடு, கலயம் வாங்கு! பழசு குடு, பளபளப்பு வாங்கு!"

அவள் பெயர் கந்தலாத்தா. தலையில் ஒரு கூடை நிறையப் பித்தளைப் பாத்திரம், தோளில் ஒரு மூட்டை பழந்துணி. அவளைச் சூனியக்காரி என்று யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும், சொல்லிவிடுகிறேன். யார் உடுத்திய துணி அவள் மூட்டைக்குள் போகிறதோ, அவர்கள் வயிற்றில் பிறக்கும் பிள்ளையின் உடம்புச் சூடும் கூடவே போய்விடும்.

அங்கமுத்து கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்தார். சிவப்புப் பாவாடை, பச்சைச் சட்டை, மஞ்சள் தாவணி, மூன்றையும் அள்ளி அவள் மூட்டைக்குள் போட்டார். "அண்டா குடு" என்றார். அவள் பளபளவென்று ஓர் அண்டா கொடுத்தாள். அந்தக் கூடத்தில் அப்புறம் அந்த அண்டாதான் இருந்தது. மகள் இல்லை.

ஒரு வருஷம் போனது. ஒருநாள் மருமகன் சடையன் வாசலில் வந்து நின்றான்.

"மாமா, பவளாயிக்குப் பொண்ணு பொறந்திருக்கு. பத்து நாளாச்சு. ஒடம்பெல்லாம் சில்லிட்டுக் கெடக்கு. என்ன போத்தினாலும் சூடு ஏறல. தாய் வீட்டுப் பழந்துணி போத்தினாத்தான் பொழைக்கும்னு பண்டிதர் சொல்லிட்டார். பவளாயி சின்ன வயசுல உடுத்துன துணி ஏதாவது குடுங்க மாமா."

அந்த நாட்டில் அது வழக்கம்தான். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. தாய் உடுத்தி உடுத்திப் பூவாட்டம் ஆன பழந்துணியை அவள் பிறந்த வீட்டார் ஒன்றோடொன்று ஒட்டித் தைத்து, போர்வையாக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். யாரும் கேட்டு வாங்குவதில்லை. கேட்க வைப்பதே கேவலம்.

அங்கமுத்து வாயைத் திறந்தார். கந்தலுக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. பரிசல்காரன் முன்னால் தலை குனிவதா? "ஒண்ணும் இல்ல, போ" என்றார்.

"பழந்துணிகூடவா இல்ல மாமா?"

"உங்களுக்கு இல்ல."

சடையன் போய்விட்டான். அங்கமுத்து உள்ளே வந்து உட்கார்ந்தார். பேத்தி பிறந்திருக்கிறாள், சில்லிட்டுக் கிடக்கிறாள். அதை நினைத்ததும் கையில் பிடித்த ஊசியைக் கீழே வைத்தார். அழுதார். அழுதால் ஆச்சா? அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கந்தலாத்தாவைத் தேடி நடந்தார்.

முள்ளுக்காடு தாண்டி, கள்ளிக்காடு தாண்டி, கருவேலங்காடு தாண்டிப் போனால் அவள் வீடு. சுவரும் துணி, கூரையும் துணி, கதவும் துணி. உடுத்தியவர்கள் குரலில் ஒவ்வொரு துணியும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கூரை ஓரத்தில் ஒரு சிவப்புப் பாவாடை ஐந்து வயதுக் குரலில் சொன்னது: "அப்பா, இடுப்பு இறுக்குது. கொஞ்சம் பிரிச்சு விடுங்கப்பா."

அங்கமுத்து அண்டாவை இறக்கி வைத்தார். "இந்தா ஒன் அண்டா. என் மக துணியக் குடு" என்றார்.

கந்தலாத்தா சிரித்தாள். "குடுத்த பாத்திரத்தத் திருப்பி வாங்கறது எங்க பொழப்புல இல்ல தையக்காரரே. துணிக்குத் துணிதான்."

ஓடினார். ராஜா அவருக்குப் போர்த்திய பொன்னாடையைக் கொண்டுவந்தார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தாள். "நீ இத ஒருநாள்கூட உடுத்தல. இதுக்குள்ள ஆளே இல்ல."

மறுபடி ஓடினார். மனைவியின் கூறைப்புடவையைக் கொண்டுவந்தார். அதை முகர்ந்ததும் அவள் கண் மினுங்கியது. "இதுக்குள்ள ஒருத்தி நல்லா வாழ்ந்திருக்கா" என்றாள். பாவாடையும் சட்டையும் அவர் கைக்கு வந்தன. புடவை சுவரில் ஏறி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டது. அங்கமுத்து திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார். பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது தடவை வெறுங்கையோடு வந்தார். "தாவணிக்கு என்ன வேணும்? எங்கிட்ட வேற பழசு இல்ல."

"இருக்கே. அறுபது வருஷமா நீ கழட்டாமப் போட்டிருக்கியே, அந்த மொகம். அதக் குடு. குரலும் அதோட ஒட்டித் தைச்சதுதான், கூடவே வந்துரும்."

"அப்புறம் எனக்கு?"

"வேற ஒண்ணு மாட்டி விடறேன். எவன் பாத்தாலும் எங்கயோ பாத்தாப்பல இருக்கும், யாருன்னு வராது. நாந்தான் ஒன் அப்பன்னு நீயாச் சொன்னா துணி மூணும் எங்கிட்ட ஓடி வந்துரும், பிள்ள மறுபடி சில்லிட்டுப் போயிரும். ஒன் மக தன் வாயால 'எங்கப்பா வரணும்'னு சொன்னா மொகம் திரும்பும்." அவள் மறுபடி சிரித்தாள். "அவ எங்க சொல்லப் போறா?"

அங்கமுத்து ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதை நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. "எடுத்துக்கோ" என்றார். அவர் முகம் சுவரில் ஒரு துணியாகத் தொங்கியது. அது தன் பழைய குரலில் கத்தியது: "உங்களுக்கு இல்ல!"

மூன்று துணியையும் மடியில் போட்டுக்கொண்டு காட்டோரத்திலேயே தைக்க உட்கார்ந்தார். தன் பழைய வேட்டியை உள்ளே நாலு மடிப்பாக வைத்து, மேலே துண்டு துண்டாக ஒட்டி, பொடிப்பொடியாக ஓட்டுத் தையல் போட்டார். முதல் நாள் பாவாடை பேசிக்கொண்டே வந்து தூங்கிவிட்டது. இரண்டாம் நாள் சட்டை, மூக்கு ஒழுகுகிறது என்று சிணுங்கிவிட்டுத் தூங்கியது. மூன்றாம் நாள் தாவணி, "அப்பா, ஒரு தடவ நான் சொல்றதக் கேளுங்க" என்றது.

"சொல்லும்மா" என்றார், வேறு எவனுடைய குரலிலோ.

தாவணி அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னது. அவள் சொல்ல வந்ததை அன்றைக்குச் சொல்லவே விடவில்லையே, துணிக்கு எப்படித் தெரியும்? முடிச்சுப் போடும்வரை கேட்டுக்கொண்டே தைத்தார். முடிச்சு விழுந்ததும் அதுவும் தூங்கிவிட்டது.

ஆற்றைக் கடக்க மருமகனின் பரிசலில்தான் ஏறினார். சடையனுக்கு அடையாளம் தெரியவில்லை. "பிள்ளைக்குப் போர்வை கொண்டாந்திருக்கேன் தம்பி" என்றதும் அவன் துடுப்பை மாங்கு மாங்கென்று போட்டான்.

போர்வையைப் போர்த்தியதுதான் தாமதம், குழந்தைக்கு மூக்கு நுனி சிவந்தது. கை காலை உதைத்தது. ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. நெற்றியில் வேர்வை அரும்பியது. பவளாயி வாரி அணைத்துப் பால் கொடுத்தாள். அப்புறம்தான் போர்வையைப் பார்த்தாள்.

"ஐயா, இது என் பாவாட. இது என் சட்ட. ஒங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

அங்கமுத்துவுக்குப் பொய் ஒன்றும் தோன்றவில்லை. "பழந்துணிக்காரி ஒருத்திகிட்ட வாங்குனேம்மா."

"அப்ப எங்கப்பா இதப் பாத்திரத்துக்குப் போட்டாரா?"

"ஆமாம்மா. ஒரு அண்டாவுக்கு."

பவளாயி அழவில்லை. போர்வையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "யாரோ எவரோ, நீங்க எம்புள்ளையக் காப்பாத்துனீங்க. இந்த வீட்டுல ஒங்களுக்கு எப்பவும் சோறு உண்டு" என்றாள்.

அப்படியாக அங்கமுத்து மகள் வீட்டிலேயே தங்கினார். பேத்திக்கு மாரியக்கா என்று பெயர் வைத்தார்கள். அடுத்தடுத்து இரண்டு பேரன்கள் பிறந்தார்கள். மூன்றும் அவரைத் 'தையத் தாத்தா' என்று கூப்பிட்டுக்கொண்டு கழுத்தைக் கட்டிக்கொண்டன. மாரியக்காவுக்கு வாலாட்டும் துணிக்குதிரை தைத்தார். அதைப் பார்த்துப் பவளாயி சொன்னாள், "எங்கப்பன் யானைக்கெல்லாம் தைச்சாரு. எம்புள்ளைக்கு ஒரு கோமணம் தைச்சதில்ல." பெரியவனுக்குக் காது மூடும் குல்லாய் தைத்தார். "எங்கப்பன் யானைக்கெல்லாம் தைச்சாரு. எம்புள்ளைக்கு ஒரு கோமணம் தைச்சதில்ல." சின்னவனுக்கு முழங்காலில் பஞ்சு வைத்த கால்சட்டை தைத்தார், விழுந்தால் அடிபடாமல் இருக்க. அதற்கும் அதேதான். ஒவ்வொரு தடவையும் அவர், "அப்படியாம்மா" என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டார். வேறென்ன செய்ய? வாயைத் திறந்தால் பிள்ளை போய்விடுமே.

மாரியக்காவுக்கு ஏழு வயதில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும், பவளாயிக்கு உடன்பிறந்தவன் இல்லை. "தையக்காரரே உக்காரட்டும், அவரவிட நமக்கு யாரு?" என்றான் சடையன். கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் ஒரு கிழவி கேட்டாள். "ஏம்மா பவளாயி, அப்பன் வீட்டுச் சீர் எங்க? ஒரு முழத் துணிகூட வரலியா?"

பவளாயிக்கு ஏழு வருஷக் கோபமும் ஒரேயடியாகக் கிளம்பியது.

"எங்கப்பா வரணும்! இப்பவே இங்க வரணும்! வந்து பாக்கணும். பேரு ஊரு தெரியாத மனுசன் எம்புள்ளைங்களுக்குக் கண்ணு நோகத் தைச்சுப் போடறாரு. அதப் பாத்து எங்கப்பா இத்தன பேரு முன்னால கூனிக் குறுகணும்!"

ஆசையாகச் சொன்னாலும் ஆங்காரமாகச் சொன்னாலும் சொல் சொல்தான். மந்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தையல்காரர் முகம் கலைந்தது. அங்கமுத்துவின் முகம் வந்து உட்கார்ந்தது. அந்த நேரத்தில் கந்தலாத்தாவின் வீடு பொதபொதவென்று சரிந்ததென்றும், துணியெல்லாம் பறந்து அவரவர் வீட்டுக் கொடியில் போய் விழுந்ததென்றும் சொல்வார்கள். அவளை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. நாடு முழுக்கச் சில்லிட்டுக் கிடந்த பிள்ளைகளுக்கெல்லாம் வேர்த்தது.

கோயில் வாசலில் பவளாயி பார்த்தாள். அவள் கேட்டபடியே அவர் கூனிக் குறுகித்தான் உட்கார்ந்திருந்தார். மாரியக்கா ஒன்றையும் கவனிக்காமல் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தாத்தா, வலிக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பவளாயி" என்றார், தன் சொந்தக் குரலில்.

"பேசாதீங்க. அந்தக் குரல் வேணாம்." என்றாள் அவள். "எம்புள்ளைங்களுக்குத் தைச்ச மனுசன் எங்க? அவரக் கொண்டாங்க. அவரு நல்லவரு."

"அவன் நாந்தாம்மா."

"இல்ல" என்றாள் பவளாயி. "அவரு நான் சொன்னதெல்லாம் ஏழு வருசமாக் கேட்டாரு."

ஆசாரி காதைக் குத்தினார். மாரியக்கா வீறிட்டாள். அங்கமுத்து அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தடுக்கப் போன சடையனைப் பவளாயி கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

பெரியவர்களே, சின்னவர்களே, அங்கமுத்துவை அவள் வீட்டை விட்டு அனுப்பவில்லை. சூனியம் ஒழிந்தது, நாடு நன்றாக இருந்தது, பிள்ளைகள் சூடாக வளர்ந்தார்கள். தாத்தா தைத்ததைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார்கள். வேளாவேளைக்குப் பவளாயி அவருக்குச் சோறும் போட்டாள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் யாராவது இந்தப் பெரியவர் யாரென்று கேட்டால், "பிள்ளைங்களுக்குத் தைச்சுப் போடறவரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.