பதின்மூன்று படி உயரத்தில் ஒரு தலை

நெய்தல்பட்டினத்தைக் கடலிலிருந்து பார்க்கும் மாலுமிகளுக்கு முதலில் தெரிவது அரண்மனை அன்று. லுத்தரன் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம்தான். இந்தச் செய்தி அரசர் இராசசிங்க ராயர் காதில் விழாதபடி எல்லாரும் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஆலயம் எழுந்த கதை நீளமானது. ஜெர்மானிய தேசத்திலிருந்து கப்பலேறி வந்த குருமார் முதலில் கட்டியது மண் சுவரும் பனையோலைக் கூரையுமான கொட்டகை. அதைக் கடல் கொண்டுபோயிற்று. பிறகு கரையைவிட்டுத் தள்ளிச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தொடங்கிய ஆலயம் முடியப் பதினோரு ஆண்டுகள் ஆயின. கடுக்காய்ச் சாறும் முட்டை வெண்கருவும் சேர்த்துத் தேய்த்த சுவர்களில் முகம் பார்க்கலாம்.

தரையில் கிடத்திய சிலுவையைப் போன்ற அமைப்பு அது. நான்கு திசைக்கும் சம நீளத்தில் நான்கு கூடங்கள். ஒரு கூடத்தில் அமர்ந்தவருக்குப் பக்கத்துக் கூடம் தெரியாது. ஆனால் நான்கும் சந்திக்கும் நடுவிடத்தில், பதின்மூன்று படி உயரத்தில், தேக்கு மரப் பிரசங்க பீடம் ஒன்று நின்றது. அதில் நிற்பவர் எல்லாருக்கும் தெரிவார். லுத்தரன் சபையாருக்குப் பிரசங்கம் கேட்பது வழிபாட்டின் உயிர்நாடி. ஆகவே கட்டிடம் முழுவதையும் கொத்தனார் அந்தப் பீடத்தைச் சுற்றியே எழுப்பினார் என்றாலும் தகும்.

பிரதிஷ்டைக்கு அரசரை அழைத்தார்கள். அவரும் இசைந்தார். பிரதானி அனந்தப்பருக்குப் பொறுக்கவில்லை. தம்மைக் கேளாமல் அரசர் எதற்கு இசைந்தாலும் அவருக்குப் பொறுக்காது.

"அரசே, குருவானவர் மாசிலாமணி அந்தப் பீடத்தில் ஏறி நிற்பார். தாங்கள் கீழே அமர்ந்திருப்பீர்கள். அவருடைய பாதம் தங்கள் கிரீடத்துக்கு மேலே இருக்கும்."

அரசர் கிரீடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நாளை பிரதிஷ்டையில் என் தலையைவிட உயரத்தில் எந்தத் தலையும் இருக்கக் கூடாது. பீடத்தை அறுத்துத் தரையோடு இறக்கச் சொல்லும். மறுத்தால் ஆலயத்தைப் பூட்டி முத்திரை வையும்."

ஆணை வந்து சேர்ந்ததும் குருவானவர் மாசிலாமணி, அரசவையில் ஓலை படிக்கும் நல்லபெருமாளிடம் ஓடினார். அரசரின் கோபத்தைத் திசைதிருப்பத் தெரிந்தவர் அந்த ஊரில் அவர் ஒருவரே.

"தரையில் நின்று பேசினால் ஆகாதா, ஐயா?" என்றார் நல்லபெருமாள்.

"ஆகும். நடுவில் இருக்கும் நாற்பது பேருக்குக் கேட்கும். மற்ற நானூறு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதற்காகவா பதினோரு ஆண்டு சுண்ணாம்பு அரைத்தோம்?"

"சரி. பீடத்தில் ஏறியதும் என்னென்ன நடக்கும்? ஒன்று விடாமல் சொல்லுங்கள்."

குருவானவர் சொன்னார். நல்லபெருமாள் இன்னொரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டு எழுந்தார்.

"நாளைக்கு உங்கள் வழக்கத்தில் எதையும் மாற்றாதீர்கள். மற்றது என் பாடு."

நேரே அரசரிடம் சென்றார்.

"அரசே, பீடத்தை அறுத்தால், பதின்மூன்று படி ஏற மாட்டாமல் அரசர் அறுத்துவிட்டார் என்று ஊர் சொல்லும். அந்த ஆலயத்திலேயே உயர்ந்த இடம் ஆயத்தமாக இருக்கிறது. அதில் தாங்களே அமருங்கள். குருவானவர் கீழே நிற்கட்டும். பிறகு யார் தலை தங்கள் தலைக்கு மேலே இருக்கும்?"

அரசருக்குப் பரம திருப்தி. பிரதானி குறை தேடிப் பார்த்தார், அகப்படவில்லை.

மறுநாள் காலை. பட்டு மெத்தையிட்ட முக்காலியில், பிரசங்க பீடத்தின் உச்சியில் அரசர் வீற்றிருந்தார். ஞானப்பாட்டு முடிந்தது. ஆலயப் பணிவிடைக்காரரான கோயிற்பிள்ளை படியேறி வந்து, அரசரை வணங்கி, பீடத்தின் விளிம்பில் இருந்த மணற்கடிகையைத் திருப்பி வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மணல் இறங்கத் தொடங்கியது. நான்கு கூடங்களிலும் நானூற்று நாற்பது முகங்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

அரசர் புன்னகைத்தார். அவர்களும் புன்னகைத்தார்கள். தொடங்கலாம் என்று கையை அசைத்தார். யாரும் எதையும் தொடங்கவில்லை. தொண்டையைக் கனைத்தார். உடனே நான்கு திசையிலும் எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். தெற்குக் கூடத்திலிருந்து மீன் விற்கும் மரியம்மாள் காதில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க மகராசா, இந்தப் பக்கம் ஒண்ணும் கேக்கலை."

படியின் அடியில், பிரதானிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார் நல்லபெருமாள். அரசர் குனிந்து கிசுகிசுத்தார்.

"இவர்கள் ஏன் என்னையே பார்க்கிறார்கள்?"

"பிரசங்கத்துக்காக, அரசே. அங்கே இருப்பவர் பேச வேண்டும் என்பது இவர்கள் வழக்கம்."

"எவ்வளவு நேரம்?"

"மணல் முழுவதும் இறங்கும்வரை. இரண்டரை நாழிகை."

"எதைப் பற்றி?"

"இன்றைக்குக் குறித்திருப்பது நோவாவின் பேழை."

"நோவா யார்?"

"அதைத் தாங்கள் சொல்வீர்கள் என்றுதான் காத்திருக்கிறார்கள்."

அரசரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. "கொஞ்சம் மறைவாகக் குனிந்துகொள்ளலாமா?"

"எந்தப் பக்கம் குனிந்தாலும் ஒரு கூடத்துக்குத் தெரியும், அரசே. அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்."

"பிரதானி, மேலே வாரும். எனக்குப் பதிலாக நீர் பேசும்."

அனந்தப்பரின் முகம் வெளுத்தது. "தாங்கள் அமர்ந்திருக்க நான் நின்றால் என் தலை மேலே போய்விடுமே, அரசே? நேற்றைய ஆணை என்னாவது?" என்று சொல்லிக்கொண்டே இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

அரசர் எழுந்தார். பதின்மூன்று படிகளையும் ஏறியதைவிட வேகமாக இறங்கினார். முன் வரிசை விசுப்பலகையில் அமர்ந்து மூச்சு வாங்கினார். பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தார்.

"நல்லபெருமாள், இதெல்லாம் உமக்கு முன்பே தெரியும், இல்லையா?"

"உயர்ந்த இடம் எது என்றுதான் தாங்கள் பார்த்தீர்கள், அரசே. அங்கே என்ன வேலை என்று கேட்கவில்லையே."

அரசர் தம் தோளிலிருந்த சரிகைச் சால்வையை எடுத்து நல்லபெருமாளுக்குப் போர்த்தினார். குருவானவரைப் பார்த்து, "ஏறுங்கள், ஐயா" என்றார்.

குருவானவர் படியேறி நின்று, கடிகையில் எஞ்சிய மணலைப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார். அனந்தப்பர் மெல்ல அரசரின் காதருகே வந்தார்.

"அரசே, அவருடைய தலை தங்கள் தலைக்கு மேலே இருக்கிறது."

"சும்மா இரும், பிரதானி," என்றார் அரசர், விசுப்பலகையில் வசதியாகச் சாய்ந்துகொண்டே. "அங்கே மாட்டிக்கொண்டிருப்பது என் தலையாக இல்லாதவரை, அது எவ்வளவு உயரத்தில் இருந்தால் எனக்கென்ன?"