பூரணத்தின் பத்தியம்

மலையடிவாரத்து வைத்தியசாலையில் குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு அறுபத்திரண்டு. சீடர் நல்லசிவம் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறரைத் திருத்தும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அன்று காலை அவருக்கு மனது சரியில்லை. வாசலில் சங்கிலியும் அவர் மனைவி பூரணமும் காத்திருந்தார்கள். பஸ் கவிழ்ந்ததில் இருவருக்கும் தலையில் அடி. பெரிய ஆஸ்பத்திரியில் உயிர் தப்பி, உடம்பைத் தேற்றிக்கொள்ள இங்கே வந்தவர்கள். சங்கிலி மூன்றே மாதத்தில் பழையபடி வேலைக்குக் கிளம்பிவிட்டார். பூரணத்துக்கு ஆறு மாதமாகியும் தலைசுற்றல் நிற்கவில்லை, பேச்சின் நடுவே சொல் மறந்துபோகிறது. இனித் தேறாது என்றால் அவளை அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதாகச் சங்கிலி சொல்லியிருந்தார்.

“பொம்பளைகளுக்குத் தலைக்காயம் லேசுல ஆறாதோ, அம்மா?” என்று குருவான செங்கமலத்திடம் கேட்டார் நல்லசிவம். “ஒரே அடி, ஒரே மருந்து, ஒரே பத்தியம். அவருக்கு ஆறிட்டு. இவளுக்கு ஏன் ஆறல?”

செங்கமலம் சங்கிலியை உள்ளே கூப்பிட்டார்.

“உங்க பத்தியம் என்னய்யா?”

“எனக்கென்ன தெரியும்? அவளைக் கேளுங்க. எனக்கு நேரத்துக்கு வந்துரும்.”

அவரை அனுப்பிவிட்டுப் பூரணத்தைக் கூப்பிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். சொல்லுக்குத் தடுமாறினாலும் ஒன்றையும் விடவில்லை.

“மூணு வேளையும் அப்பப்ப வச்ச கஞ்சி. மத்தியானம் ரெண்டு மணி நேரம் அவுக தூங்கணும், வீட்ல சத்தம் கூடாது. அப்புறம்... அது... அடுப்பு. அடுப்புச் சூடு அவுகளுக்கு ஆகாது.”

“உனக்கு?”

“எனக்கும் அதேதான்னு அண்ணாச்சி சொன்னாக.” நல்லசிவத்தைக் கைகாட்டினாள். “கஞ்சி மிஞ்சினா குடிச்சுக்கிடுவேன்.”

அவள் வெளியே போனாள். நல்லசிவம் கோபமாக எழுந்தார்.

“அந்த ஆளை ரெண்டு கேள்வி கேட்டுட்டு வாரேன்!”

“இருங்க அண்ணாச்சி.”

“பின்ன என்னம்மா? ரெண்டு பேருக்கும் இதுதான் பத்தியம்னு ஒண்ணு விடாம உக்கார வச்சுச் சொன்னேனே!”

“யாரை உக்கார வச்சு?” என்று கேட்டார் செங்கமலம்.