பக்கத்துக் கடைப் பூட்டு

மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருவில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். காலையில் அடித்த ஆணி மாலையில் வெறும் துளையாக இருக்கும் என்பார்கள். அது பொய். ஒரு ஆணி மூன்று நாள் தாங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தத் தெருவுக்குப் பூட்டு வேலை செய்பவள் சலேத்து. வயது நாற்பது. அவளிடம் தொழில் கற்க வந்த சீடருக்கு அறுபத்திரண்டு. பெயர் இஸ்ரவேல். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சலேத்துவுக்கே ஏழாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். இப்போது அவளை ஆசான் என்று கூப்பிடுவார். அவள் பழைய பழக்கத்தில் அவரை சார் என்பாள்.

தெருவில் ஒன்பது கடைகள். ஒன்பதுக்கும் ஒரே வாட்ச்மேன். அவன் திடீரென்று மலேசியாவுக்குக் கிளம்பிவிட்டான். இடுப்பிலிருந்த ஒன்பது கடைச் சாவிக்கொத்தும் அவனோடு போய்விட்டது. விமான நிலையத்தில் அந்தக் கொத்தைப் பார்த்தவர்கள், இவனுக்கு ஊரில் ஒன்பது வீடு என்று நினைத்து எழுந்து நின்றார்களாம்.

கடைக்காரர்கள் சலேத்துவிடம் வந்தார்கள். பூட்டை மாற்ற வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் பித்தளைப் பின்களை எடுத்து வேறு வரிசையில் அடுக்கினால் பழைய சாவி திரும்பாது. புதுச் சாவிதான் திரும்பும். அந்த நேரம் பார்த்து சலேத்து காய்ச்சலில் கிடந்தாள்.

“நான் செஞ்சுடுறேன்” என்றார் இஸ்ரவேல். செய்தும் விட்டார்.

மூன்று மாதம் போனது. ஒரு காலை, பலகையில் தொங்கிய ஒன்பது மாதிரிச் சாவிகளையும் அவர் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தார். பல்லோடு பல் பொருந்தியது. மூன்றாவதை வைத்தார். அதுவும் பொருந்தியது. ஒன்பதையும் அடுக்கிப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஆசான், ஒரு தப்பு நடந்துபோச்சு.”

“சொல்லுங்க சார்.”

“ஒன்பது கடைக்கும் ஒரே சாவி.”

சலேத்து அரத்தைக் கீழே வைத்தாள். “எப்படி?”

“முதல் பூட்டுல அஞ்சு பின்னையும் மாத்தி மாத்தி அடுக்கினேன். ஒரு வரிசையில புதுச் சாவி வழுக்கிக்கிட்டுத் திரும்புச்சு. விடைதான் சரியா வந்துடுச்சேன்னு அதையே மத்த எட்டுக்கும் போட்டுட்டேன்.”

“ஏழாங் கிளாஸ்ல பக்கத்துப் பிள்ளையைப் பாத்து எழுதுனேன்னு என்னைய பெஞ்சு மேல ஏத்துனது யாரு?”

“நான்தான்.”

“இங்க ஒன்பது பூட்டும் ஒண்ணையொண்ணு பாத்து எழுதியிருக்கு.”

இஸ்ரவேல் தலைகுனிந்தார். பிறகு மெல்லச் சொன்னார். “இது வெளியே தெரிஞ்சா இந்தத் தெருவுல உனக்கு இனி வேலை கிடையாது. எண்ணெய் போட வந்தோம்னு சொல்லி, தினம் ஒரு பூட்டா மாத்திடலாம். யாருக்கும் தெரியாது.”

சலேத்து ஒரு சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“ஒவ்வொரு கடையாப் போயி நீங்களே சொல்லிட்டு வாங்க.”

“அடிப்பாங்க.”

“அடிச்சா வந்து சொல்லுங்க. மருந்து போடுதேன்.”

முதலில் ஐஸ் கம்பெனி. முதலாளி மொத்தா வாசலில் நின்றிருந்தார்.

“அண்ணாச்சி, உங்க சாவி பக்கத்துக் கடைப் பூட்டையும்...”

மொத்தா அவர் வாயைப் பொத்தாத குறையாக உள்ளே இழுத்துக்கொண்டு போனார். “உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா சார்?”

“உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?”

“போன மாசம் ஒரு மத்தியானம் கொட்டித் தீத்துச்சுல்லா? பக்கத்துல கருவாட்டு மூட்டை அடுக்கி வச்சிருக்க கிட்டங்கி ஒழுகுது. கிட்டங்கிக்காரர் அருமைநாயகம் கோவில்பட்டியில மக வீட்டுல இருக்காரு. போனும் எடுக்கல. என்ன செய்யன்னு தெரியாம என் சாவியப் போட்டுப் பாத்தேன். திறந்துட்டு. பதினாலு மூட்டையையும் பலகை மேல ஏத்திட்டுப் பூட்டிட்டு வந்துட்டேன். எதையும் தொடல சார். ஒரே ஒரு நெத்திலி. அதுவும் தரையில கிடந்தது.”

“அவர்கிட்ட சொல்லலையா?”

“சொன்னா மனுசனுக்கு உறக்கம் போயிரும்.”

“அண்ணாச்சி, உங்க கடையையும் மத்தவங்க திறக்கலாம். ஒன்பதும் ஒரே சாவிதான்.”

மொத்தா மூலையிலிருந்த தண்ணீர்க் குழாயைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப அன்னைக்கு எங்க தண்ணிக் குழாய மூடுனது யாரு?”

அடுத்தது கருவாட்டுக் கிட்டங்கி. அருமைநாயகம் சொன்னதையும் கேளுங்கள். “என் மூட்டையெல்லாம் தானா பலகை மேல ஏறிச்சு சார். பதினாலும். அந்தோணியார் வந்திருக்காரு.”

“அது இருக்கட்டும். உங்க சாவி பக்கத்துக் கடைக்கும் சேரும்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “மெதுவாப் பேசுங்க. கயித்துக் கடை பாய் ஊருக்குப் போனப்ப பூனை உள்ள மாட்டிக்கிட்டு. ரெண்டு நாளாக் கத்துது. கேக்க முடியல. நான்தான் திறந்துவிட்டேன்.”

மூன்றாவதாகக் கயிற்றுக் கடை. செய்யது பாய் மடியில் பூனை. “இது சுவருக்குள்ள புகுந்து வர்ற பூனை சார். நான் கடையப் பூட்டிட்டுப் போனேன், திரும்பி வந்து பாத்தா வெளிய உக்காந்து மீன் தின்னுது. நாலு ஊர்ல இருந்து பாக்க வந்துட்டாவ.” இஸ்ரவேல் சாவியைக் காட்டியதும் பாய் பூனையை இறக்கிவிட்டார். “ஐஸ் கம்பெனியில தண்ணி ரோட்டுக்கு ஓடுச்சு. ஆளில்லை. குழாய மட்டும்தான் மூடுனேன். அல்லா மேல சத்தியமா.”

ஒன்பது கடையிலும் இப்படித்தான். விசிறியை அணைத்தவர் ஒருவர். பெருச்சாளியைத் துரத்தியவர் ஒருவர். எல்லாரும் தனக்கு மட்டும்தான் இந்த ரகசியம் தெரியும் என்று நினைத்திருந்தார்கள்.

இஸ்ரவேல் திரும்பி வந்தபோது முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

“யாரும் அடிக்கல ஆசான். ஒரு நெத்திலியைத் தவிர எதுவும் காணாமப் போகல. பாதிப் பேர் இப்படியே இருக்கட்டும்னுகூடச் சொல்றாங்க. விட்டுடலாமா?”

சலேத்து பின் டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள்.

“மாத்துங்க. ஒன்பதும் வேற வேற.”

“எதுக்கு?”

“அவிய வந்து பூட்டுதான கேட்டாவ.”

இரண்டு நாள் பிடித்தது. ஒவ்வொரு பூட்டிலும் மற்ற எட்டுச் சாவியையும் போட்டுப் பார்த்தார் இஸ்ரவேல். எதுவும் திரும்பவில்லை. தெருவில் ஒரு நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டே பின் டப்பாவை மூடினார்.

மூன்றாம் நாள் காலை மொத்தா வந்து நின்றார். தலையைச் சொறிந்தார்.

“சலேத்து, அருமைநாயகம் கடைச் சாவி ஒண்ணு வெட்டிக் குடேன். மழை வருது பாரு.”

“அவுக வந்து சொல்லட்டும் அண்ணாச்சி.”

“நான் போயி எப்படிக் கேக்க?”

“வாயாலதான்.”

மொத்தா போனார். ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். பிறகு தெருமுனையிலிருந்தே சத்தம் கேட்டது. அருமைநாயகம்தான்.

“நான் ஒரு மாசமா அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு இருக்கேன். மூட்டையத் தூக்குனது இந்த ஆளாம். இப்பச் சொல்லுதாரு.”

“எனக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தியிருக்கலாம்லா?” என்றார் மொத்தா.

“அந்த நெத்திலியத் தின்னது போதாதா?” அருமைநாயகம் சலேத்து பக்கம் திரும்பினார். “இவருக்கு என் கடைச் சாவி ஒண்ணு வெட்டு. அப்படியே கயித்துக் கடை பாயையும் வரச் சொல்லியிருக்கேன். பூனை விஷயம் ஒண்ணு பேசணும்.”

பொழுது சாய்வதற்குள் ஒருவரையொருவர் கூட்டிக்கொண்டு ஏழு கடைக்காரர்கள் வந்து போனார்கள். இரண்டு பேர் மட்டும் வரவில்லை. ஆனால் அவர்களில் ஒருவர் சலேத்துவின் கடை வாசலை மூன்று முறை கடந்து போனார். மூன்றாம் முறை நின்று, “நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீய?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இஸ்ரவேல் சாவி வெட்டும் மிஷினை நிறுத்தினார். விரலெல்லாம் பித்தளைத் தூள்.

“பழையபடியே ஆகிப்போச்சே ஆசான். இவர் கடையை அவர் திறக்கலாம். அவர் கடையை இவர் திறக்கலாம். ரெண்டு நாள் என் விரல் தேஞ்சதுதான் மிச்சம்.”

சலேத்து மேஜை மேலிருந்த தூளை உள்ளங்கையால் கூட்டி, ஜன்னல் வழியாகக் கடல்காற்றில் ஊதிவிட்டாள்.

“அப்ப தானாத் திறந்துச்சு சார். இப்ப அவியளே குடுத்திருக்காவ.”