சுக்கு விக்கிறவ மகளுக்கு வந்த இருமல்

போர்வைய இழுத்துக்கோ. காலைத் தூக்கி என் மேல போடாத, அத்தைக்கு முட்டி வலிக்குது. காலையிலேருந்து அந்தச் சீன மருந்துக் கடையில நின்னுக்கிட்டே பொட்டலம் கட்டிட்டு வந்திருக்கேன். கதை வேணும்னா நடுநடுவுல 'ம்' கொட்டணும். கொட்டலைன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு சுக்கு வியாபாரி இருந்தா. பேரு காந்திமதி. ஊருன்னா நம்ம பினாங்கு இல்ல. சீன தேசத்துல கடலோரமா ஒரு ஊரு. பின்னால மலை, முன்னால கப்பல் துறை. காயல்பட்டினத்துலேருந்து புருஷனோட கப்பலேறி வந்து, அங்கயே சுக்குக் கடை போட்டவ. புருஷன் போன வருஷம் காய்ச்சல்ல செத்துப் போயிட்டான். இப்போ அவளும் மக வடிவும் மட்டும்தான். வடிவுக்கு உன் வயசு, ஏழு. ஆனா அவ சொன்ன பேச்சு கேப்பா. ம்?

அப்புறம் காந்திமதி, போதும்டா சாமி, ஊருக்கே போயிருவோம்னு முடிவு பண்ணிட்டா. வடகாத்து எழும்பினா கப்பல் கிளம்பும். அந்தக் காத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான். விட்டா இன்னும் ஒரு வருஷம் அங்கயே கிடக்கணும். ஊர்ல அவளோட அம்மாவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. பேத்தி முகத்த ஒரு தடவை பாத்துடணும்னு சொல்லி அனுப்பிக்கிட்டே இருக்கா.

அப்போ பாத்து இலையுதிர் காலம் வந்துச்சு. நமக்கு அது தெரியாது, நமக்கு வெயில் விட்டா மழை, மழை விட்டா வெயில். அங்க இலையெல்லாம் மஞ்சளாகி, சர்... சர்...னு தெருவுல ஓடும். வானம் கழுவி வச்ச மாதிரி இருக்கும். காத்து சில்லுனு வரும், ஆனா ஒரு சொட்டு ஈரம் இருக்காது. அந்தக் காத்து வடிவோட நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. லொக். லொக் லொக்.

கப்பல்கார மரக்காயர் வந்து பாத்தாரு. நல்ல மனுஷன்தான். ஆனா கப்பல்ல நூறு பேரோட உசுரு அவர் கையில இருக்கே. "தங்கச்சி, இருமுற பிள்ளைய ஏத்த மாட்டேன். ஒண்ணு இருமினா ஊரே இருமும். பத்து நாள் இருக்கு. சரியாச்சுன்னா கூட்டிட்டு வா"ன்னாரு.

காந்திமதி சிரிச்சா. "அண்ணாச்சி, யாருகிட்ட சொல்றீங்க? சுக்குக்கு மிஞ்சின மருந்தில்ல, சுப்ரமணியருக்கு மிஞ்சின சாமியில்ல. மூட்டை மூட்டையா வச்சிருக்கேன்"னா.

மொதல்ல சுக்கை இடிச்சா. டொக்கு டொக்கு டொக்கு. கஷாயம் வச்சுக் குடுத்தா. வடிவு மூக்கைப் புடிச்சுக்கிட்டுக் குடிச்சா. மறுநாள் உதடு வெடிச்சுது, இருமல் கூடுச்சு. லொக் லொக் லொக்.

அப்புறம் காந்திமதி, 'பத்தலை போல'ன்னு சுக்கோட மிளகும் திப்பிலியும் சேத்து இடிச்சா. டொக்கு டொக்கு டொக்கு. வடிவு கண்ணுல தண்ணி முட்ட முட்டக் குடிச்சா. மறுநாள் மூக்குலேருந்து ரத்தம் வந்துச்சு. லொக் லொக் லொக் லொக்.

அப்புறமும் அந்தப் பொம்பள விட்டாளா? ஜன்னலைச் சாத்தினா, படார். கதவைச் சாத்தினா, படார். பஞ்சு மெத்தை மாதிரி கோட்டு மூணு, ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிவிட்டா. நெருப்புச் சட்டியில சுக்கைப் போட்டுப் புகை புடிக்க வச்சா. மறுநாள் வடிவு வாயத் தொறந்தா, சத்தமே வரல. அம்மான்னு கூப்பிடப் பாக்குறா, வெறும் காத்துதான் வருது.

அப்போதான் காந்திமதி பயந்தா. அதுல அஞ்சு நாள் போயிருச்சு. ம் சொல்லு. ஆங்.

எதிர்த்த தெருவுல லின்னு ஒரு சீனத்தி, மருந்துக் கடை வச்சிருந்தா. இவளை விடச் சின்னவ. "இலை உதிர்ற காலத்துல இஞ்சி, சுக்கு விக்காதீங்க அக்கா"ன்னு ஒரு தடவை சொல்லி, காந்திமதிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவ. அவ வாசல்ல போய் நிக்க காந்திமதிக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனா புள்ளைன்னு வந்துட்டா மானம் என்ன, ரோஷம் என்ன. போய் நின்னா.

லின் ஒரு வார்த்தை குத்திக் காட்டல. வந்தா. வடிவை நாக்க நீட்டச் சொன்னா. மணிக்கட்டுல மூணு விரல வச்சு, கண்ண மூடிக்கிட்டு நாடி பாத்தா. அப்புறம் சொன்னா:

"அக்கா, உங்க ஊர்ல இருமல் எப்போ வரும்?"

"மழைக்காலத்துல."

"அது ஈர இருமல். சுக்கு ஈரத்த வத்த வைக்கும், சரியாப் போகும். இது காஞ்ச இருமல். வத்தின குளத்துக்குப் போய் நெருப்பு வச்சிருக்கீங்க."

காந்திமதி தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. "நானே என் புள்ளையக் கெடுத்தேனே"ன்னா.

"கெடுக்கல. உங்க ஊரு மருந்த எங்க ஊரு காத்துக்குக் குடுத்துட்டீங்க, அவ்வளவுதான்"னு சொல்லிட்டு லின் ஜன்னலைத் தொறந்தா. கோட்டுல ரெண்ட உருவினா. "எங்க ஊர்ல இலை விழ ஆரம்பிச்ச உடனே கோட்டு மேல கோட்டா மாட்டிக்க மாட்டோம். உடம்பு கொஞ்சம் குளுரைப் பழகணும்"னா.

அப்புறம் ஒரு பேரிக்காய எடுத்தா. மேல மூடி மாதிரி வெட்டி, நடுவுல இருக்கிற விதையத் தோண்டிட்டு, கல்கண்டப் போட்டு, மூடிய வச்சு மூடி, ஆவியில வச்சா. புஸ்... புஸ்... புஸ்... வீடு பூரா இனிப்பா வாசம். பேரிக்கா கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. வடிவு கரண்டியால தோண்டித் தோண்டித் தின்னா. களுக்... களுக்...னு அந்தத் தண்ணி தொண்டையில எறங்குச்சு. அடுத்த நாளு வெள்ளைக் காளான், பூ மாதிரி விரிஞ்சு வழவழன்னு இருக்கும், எங்க கடையில கூட இருக்கு, அதக் கஞ்சியில போட்டுக் குடுத்தா. காரம் கிடையாது. கோழி அடையும்போது படுக்கணும், கோழி கூவும்போது எழுந்திரிக்கணும். உன்னை மாதிரி கதை கதைன்னு உயிர வாங்கக் கூடாது.

உதடு ஆறுச்சு. மூக்கு ஆறுச்சு. ஆறாம் நாளு, ஏழாம் நாளு, எட்டாம் நாளு... குரலும் மெல்ல மெல்லத் திரும்பி வந்துச்சு. ம்? நீ முழிச்சுத்தான் இருக்க.

ஆனா பொழுது சாயும்போது மட்டும் ஒரே ஒரு இருமல் பாக்கி இருந்துச்சு. லொக். பேரிக்காய்க்கும் அது அசையல. கஞ்சிக்கும் அசையல.

ஒம்பதாம் நாளு லின் கேட்டா, "அக்கா, இவ அப்பா செத்தப்போ அழுதாளா?"

காந்திமதி தலையக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா: "நாந்தான் அழாதடின்னு சொன்னேன். அந்நிய ஊர்ல அழுதா எளக்காரமாப் பாப்பாங்கன்னு. நானும் அழல. அன்னிக்கே கடையத் தொறந்துட்டேன்."

"இலை உதிர்ற காலத்துல துக்கமும் நெஞ்சுலதான் வந்து தங்கும்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. அதுக்கு என் கடையில மருந்து இல்லக்கா"ன்னு சொல்லிட்டு லின் கிளம்பிட்டா.

வெயில் மஞ்சளா எறங்கிக்கிட்டிருக்கு. கோழியெல்லாம் கொக் கொக்னு கூண்டுக்குப் போவுது. காந்திமதி மக பக்கத்துல உக்காந்தா. ஒரு வருஷமா எடுக்காத பேச்ச எடுத்தா.

"வடிவு, உங்கப்பா சாப்பிடும்போது என்ன பண்ணுவாரு?"

"மொத உருண்டைய எனக்குக் குடுப்பாரு."

"ம்."

"அம்மா... நீ அழாதன்னு சொன்னியா, நான் முழுங்கிட்டேன். எல்லாத்தையும் முழுங்கிட்டேன்."

அவ்வளவுதான். காந்திமதிக்குப் பொத்துக்கிட்டு வந்துருச்சு. சுக்கு மூட்டை மேல சாஞ்சுக்கிட்டு வாய் விட்டு அழுதா. அம்மா அழுறதப் பாத்து வடிவும் அழுதா. ஏங்கி ஏங்கி அழுது, கட்டிப் புடிச்சுக்கிட்டே ரெண்டு பேரும் தூங்கிப் போனாங்க. அன்னிக்கு அந்த ஒத்த இருமல் வரவே இல்ல.

பத்தாம் நாளு வடகாத்து எழும்பிருச்சு. ஊ...ன்னு அடிக்குது. பாய்மரம் பட பட பட. மரக்காயர் கப்பல்ல ஏறுற பலகையில நின்னுக்கிட்டு வடிவையே பாக்குறாரு. "தங்கச்சி, இப்ப இருமலைன்னா இனிமே இருமாதுன்னு நான் எப்படி நம்பறது? நூறு பேரு ஏறி இருக்காங்களே."

காந்திமதி மக கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா.

அப்போ வடிவு அம்மா கைய விட்டுட்டுத் திரும்பினா. மலைச்சரிவுல, மஞ்ச இலைக்கு நடுவுல, அவ அப்பாவ அடக்கம் பண்ணின இடம் தெரியுது. அந்தக் குளுந்த காத்த நெஞ்சு நெறைய இழுத்தா. இழுத்து, ஊருக்கே கேக்குற மாதிரி கூப்பிட்டா.

"அப்பா... போயிட்டு வரேன்..."

மலை திருப்பிச் சொல்லுச்சு. வரேன்... வரேன்...

ஒரு இருமல் இல்ல. குரல் பிசிறல. துறையில இருந்தவங்கல்லாம் அப்படியே நின்னுட்டாங்க. மரக்காயர் கண்ணத் தொடச்சுக்கிட்டு பலகைய விட்டு வெலகி, "ஏறு தாயி"ன்னாரு.

கப்பல் மெதுவா அசைஞ்சுது. சளக்... சளக்... மலை சின்னதாகிக்கிட்டே போவுது. வரேன்... வரேன்... ம்?

ம் காணோம். சரி. கப்பல் கடல்ல எறங்கிருச்சு, கதை கரையில நின்னுருச்சு. நீ தூங்குடி தங்கம்.