ஜெயித்தால் போய்விடும் அணி

மணல்துறையில் ஒரு கால்பந்து அணி இருந்தது. அதை உயிராய் நேசித்த அத்தனை பேரும், ஐயோ ஜெயித்துவிடக் கூடாதே என்று பயந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அன்று மூன்று பேர் மூன்று விதமாக நடந்தார்கள். அவசரப்படாமல் கேளுங்கள்; தீர்ப்பு உங்களிடம்தான் வரப்போகிறது.

விண்மீன் அணியை நாற்பது வருஷம் நடத்திய ஐஸ் கம்பெனிக்காரர் கண்ணை மூடியதும், பிள்ளைகள் அதை வெளியூர் ஆள் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். புது முதலாளி கோயில் மண்டபத்தில் ரசிகர்களைக் கூட்டி ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "கடைசி ஆட்டத்தில ஜெயிச்சா மேல்பிரிவு. அங்க எல்லாம் ராத்திரி ஆட்டம். உங்க மைதானத்தில விளக்கு கிடையாது. நகரத்துக்குத்தான் கொண்டுபோகணும்."

"கோயில்ல இருக்கிற மெழுகுதிரியெல்லாம் கொண்டாந்து வைக்கிறோம் சார்!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரித்தவர்கள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

"ஜெயிக்கலைன்னா மூணு வருஷம் இங்கேயே இருக்கும். எழுதித் தர்றேன்" என்றார் முதலாளி. எழுதியும் கொடுத்தார். போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார்: முப்பதைத் தாண்டிய ஆட்டக்காரர்களை அவர் நகரத்துக்கு எடுக்கப்போவதில்லை.

கோல்கீப்பர் ஸேவியோவின் மனைவி ஜெரால்டினுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கல்யாணத்துக்கு வெகுமுன்பே அவள் விண்மீன் ரசிகை. அணி போனால் முப்பதைத் தொடாத புருஷனும் கூடவே நகரத்துக்குப் போவான், அது ஒரு பயம். அதைவிட, ஞாயிறு நாலு மணிக்கு ஊர் முழுக்க வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதுகூட அதே நினைப்புதான்.

சனிக்கிழமை சாயங்காலம் கேட்டே விட்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு பந்தை விட்டிருங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றான் ஸேவியோ. அவள் கண் நிறைவதைப் பார்த்ததும் இறங்கிவந்தான். "சரி, அழாத. என் கையால இந்த அணி ஊரைவிட்டுப் போகாது. போதுமா?"

மறுநாள் ரசிகர் மன்றத் தலைவர் அல்போன்ஸ் தம்முடைய பெரிய மேளத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "இன்னைக்கு எவனும் வாயைத் திறக்கக் கூடாதுலே. நாம கத்தினா பயலுகளுக்கு வெறி ஏறும்." மூவாயிரம் பேர் இழவு வீட்டில் இருப்பதுபோல் இருந்தார்கள். ஆட்டக்காரர்கள் ஓடுகிற ஓட்டத்தில் கூட்டத்தை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

முதல் பாதியில் கோல் விழவில்லை. ஸேவியோ இரண்டு பந்துகளைப் பாய்ந்து தடுத்தான். இடைவேளையில் முதுகைப் பிடித்துக்கொண்டு பயிற்சியாளரிடம் போனான். "சுளுக்கிக்கிச்சு, இனிமே முடியாது." காலையில் இரண்டு குடம் தண்ணீர் தூக்கிய முதுகுக்கு ஒன்றும் இல்லை என்று ஜெரால்டினுக்குத் தெரியும். அவனுக்குப் பந்தை விடவும் மனமில்லை, பிடிக்கவும் துணிவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவனுக்குப் பதிலாகக் கையுறையை மாட்டத் தெரியாமல் மாட்டிக்கொண்டு வந்தவன் ரூபன். ஒரு ஆட்டமும் ஆடியிராதவன். முதல் பந்தே அவன் விரல்களுக்கு நடுவே நழுவி வலைக்குள் போனது. ரூபன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். யாரும் திட்டவில்லை. சிலர் சிலுவை அடையாளம் போட்டு நன்றி சொன்னார்கள். அதைப் பார்க்க ஜெரால்டினுக்கு என்னவோபோல் இருந்தது.

பத்து நிமிஷத்தில் கேப்டன் நெல்சன் அதைச் சமன் செய்தான். நெல்சனுக்கு முப்பத்திரண்டு வயது. கடைசி நிமிஷத்தில் விண்மீனுக்குப் பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவனும் அவனே. பந்து வெளியே போனால் சமன். அணி ஊரோடு இருக்கும்.

"அண்ணே, வெளிய அடிச்சிருங்கண்ணே" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கெஞ்சினான். அந்த அமைதியில் அது மைதானம் முழுக்கக் கேட்டது.

நெல்சன் திரும்பிப் பார்த்தான். "எனக்கு அப்படி அடிக்கத் தெரியாதுடே."

பந்து வலையின் வலது மூலையில் போய் விழுந்தது. அந்த நொடியில் குழந்தையோடு துள்ளி எழுந்து "கோல்!" என்று கத்தியது ஒரே ஒரு குரல். ஜெரால்டின் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை பயந்து அழுதது.

மறுநாளிலிருந்து சந்தையில் நெல்சன் மனைவியின் கூடையில் ஒருவரும் மீன் வாங்கவில்லை. "நான் ஊர் வாயைக் கட்டினேன், அவன் காலைக் கட்ட முடியலியே" என்று அல்போன்ஸ் புலம்பினார். "நான் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன். என் கையால ஒண்ணும் போகலை" என்றான் ஸேவியோ.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மேளத்தைக் கவிழ்த்த அல்போன்ஸ், முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியேறிய ஸேவியோ, கோல் போட்ட நெல்சன். இந்த மூவரில் அணிக்குச் சரியாக நடந்தவர் யார்?

விடை: நெல்சன். அல்போன்ஸ் அணியை ஊரில் நிறுத்த ஆசைப்பட்டு, ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கூட்டத்துக்கு நடுவே அநாதையாக விட்டார். ஸேவியோ தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு தோல்வியை ரூபன் தலையில் கட்டப் பார்த்தான். அணி போனால் பிழைப்பு போவது மூவரில் நெல்சனுக்குத்தான்; வெளியே அடித்திருந்தால் இன்னும் மூன்று வருஷம் ஆடியிருப்பான், ஊரும் தோளில் தூக்கியிருக்கும். இது விளங்க ஜெரால்டினுக்கு மூன்று நாள் பிடித்தது. நான்காம் நாள் காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். சந்தையே பார்த்துக்கொண்டிருக்க, நெல்சன் மனைவியின் கூடைக்கு முன்னால் குந்தினாள். "சீலா மீன் என்ன விலை மைனி?" என்று அண்ணி முறை வைத்துக் கேட்டாள்.  நெல்சன் மனைவி இருந்ததில் பெரிய மீனாக ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்து வெட்டத் தொடங்கினாள்.