ஓடிப்போகாத விரால்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், மலையோடை வந்து தேங்குகிற இடத்தில் ஒரு பெரிய மடு இருந்தது. அதன் தென்கரையில், மருத மரத்தின் வேருக்கடியில் வளை தோண்டி ஒரு நீர்நாய் குடியிருந்தது. தண்ணீரைவிட்டுக் கரையேறும்போதெல்லாம் அது தலையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்பு சிலுப்பும். பக்கத்தில் நிற்பவர்கள் தொப்பலாக நனைந்துபோவார்கள். அதனால் அதன் பெயரே சிலுப்பி என்று ஆகிவிட்டது.

சிலுப்பிக்கு மூன்று குட்டிகள். மூன்றுக்கும் நீந்தத் தெரியாது. ஆனால் வாய் மட்டும் காது வரை இருக்கும். விடிந்தால் கீச், பொழுது சாய்ந்தால் கீச். சிலுப்பி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மடுவில் பாயும். ஆழத்தில் மீனைத் துரத்திப் பிடித்து வந்து அந்த மூன்று வாய்களையும் அடைக்கும்.

அந்த வருஷம் மழை தொடங்கிய அன்று ஒரு குள்ளநரி வளையை மோப்பம் பிடித்து வந்துவிட்டது. தண்ணீர் இரண்டே எட்டில் இருந்தது. சிலுப்பி குதித்திருந்தால் நரி என்ன, நரியின் பாட்டன் வந்தாலும் பிடித்திருக்க முடியாது. ஆனால் சிலுப்பி குதிக்கவில்லை. வளையின் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. கடித்தது, கடிபட்டது, மறுபடியும் கடித்தது. கடைசியில் நரிதான் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. ஆனால் சிலுப்பியின் முன்னங்கால் ஒன்று கிழிந்து தொங்கிவிட்டது.

மூன்று காலோடு மீனைத் துரத்துவது லேசா? சிலுப்பி இடது பக்கம் திரும்புவதற்குள் மீன் வலது பக்கம் நழுவிப் போய்விடும். முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் கடைக்குட்டி கீச்சிடுவதை நிறுத்திவிட்டது.

அப்போது பார்த்து மருதமரக் கிளையில் வந்து உட்கார்ந்தது ஒரு நீர்க்காகம். கழுத்தன் என்று பெயர். பெயருக்கு ஏற்ற நீளக் கழுத்து. அந்தக் கழுத்துக்கு ஏற்ற பேராசை.

"என்ன அக்கா, கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டது கழுத்தன்.

"காலைவிடு தம்பி. குட்டிகள் மூன்று நாளாகப் பட்டினி" என்றது சிலுப்பி.

"தண்ணீர் இதோ, கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே! தொபுக்கென்று குதித்துத் தப்பித்திருக்கலாமே. நின்று கடி வாங்கியிருக்கிறாயே, இப்படியும் ஓர் அசடு உண்டா?"

சிலுப்பி புண்ணை நக்கிக்கொண்டது.

"சரி சரி, கோபித்துக்கொள்ளாதே. உனக்காகவே ஒரு மீன் பார்த்து வைத்திருக்கிறேன். கோரைப்புல் ஓரம், ஆழமே இல்லாத இடத்தில், ஒரு முழம் நீள விரால்! நீ துரத்த வேண்டாம். அது ஓடவே ஓடாது."

"ஓடாத மீனா? யாரிடம் கதை அளக்கிறாய்?"

"என் கழுத்தின்மேல் சத்தியம்! அது சரியான சாப்பாட்டுராமன். மூக்குக்கு நேரே எதை ஆட்டினாலும் பாய்ந்து கவ்வும். நான் ஒரு தவளையை ஆட்டுகிறேன். நீ கோரைக்குள் ஒளிந்திரு. அது பாயும்போது லபக்கென்று பிடித்துக்கொள். போன வாரம் அதன் ஜோடியை இதே வித்தையில்தான் காட்டுப்பூனைக்குப் பிடித்துக் கொடுத்தேன்."

"உனக்கு என்ன பங்கு?"

"ஐயோ, எனக்கு எதற்கு அக்கா? அவ்வளவு பெரிய மீன் என் தொண்டையில் இறங்குமா? தலையிலிருந்து வால்வரை எல்லாம் உனக்குத்தான்."

கழுத்தன் இத்தனை தாராளமாகப் பேசி அந்தக் காட்டில் யாரும் கேட்டதே இல்லை. வேறொரு நாளாக இருந்தால் சிலுப்பி காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். மூன்று பட்டினி வயிறுகளை வீட்டில் வைத்துக்கொண்டு யாருக்கு யோசனை ஓடும்? நொண்டி நொண்டிக் கிளம்பிவிட்டது.

கோரைப்புல் ஓரத்தில் தண்ணீர் கலங்கலாக இருந்தது. நடுவில், குங்குமத்தைக் கொட்டிக் கரைத்தது போல, செக்கச் செவேலென்று ஏதோ ஒன்று மிதந்தது. அது என்னவென்று சிலுப்பி நின்று பார்க்கவில்லை. மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கோரைக்குள் பதுங்கியது.

கழுத்தன் ஒரு தவளையை அலகில் கவ்விவந்து, அந்தச் சிவப்புக்கு மேலாக இப்படியும் அப்படியும் ஆட்டியது.

தண்ணீர் வெடித்தது போல மேலே பாய்ந்தது விரால்! கறுத்த முதுகு, விலாவில் பட்டை பட்டையாக வரி. தவளையைக் கவ்வியதும் விழுங்கவில்லை. தூவென்று தூர எறிந்தது.

சாப்பாட்டுராமன் சாப்பாட்டைத் துப்புமா? சிலுப்பிக்கு ஒரு நொடி அப்படித் தோன்றத்தான் செய்தது. அதற்குள் அதன் வாய் பாய்ந்துவிட்டது. பல் விராலின் முதுகுத் துடுப்பில் ஆழமாகப் பதிந்தது.

"பிடி அக்கா, விடாதே!" என்று கூவியது கழுத்தன்.

விரால் துள்ளியது, முறுக்கியது, சிலுப்பியைத் தரதரவென்று இழுத்தது. சிலுப்பிக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. ஆழமான தண்ணீர் வலது பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம் இழுத்தால் மூன்று கால் நீர்நாயால் அதைத் தடுக்கவே முடியாது. ஆனால் விரால் அந்தப் பக்கம் போகவே இல்லை. சேறும் கோரையுமாகக் கிடந்த கரைப் பக்கம், அந்தச் சிவப்பு மிதக்கும் இடத்துக்கே, உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அட அசடே, ஆழம் அந்தப் பக்கம் இருக்கிறதே!" என்று சிலுப்பி மனதுக்குள் சொல்லிக்கொண்டது.

சொன்னதுதான் தாமதம், தன் புண்பட்ட கால் சுரீரென்று வலித்தது. இரண்டே எட்டில் தண்ணீர் இருந்தும் தான் குதிக்காமல் நின்றது நினைவுக்கு வந்தது. அன்று தன் முதுகுக்குப் பின்னால் வளைக்குள் மூன்று குட்டிகள் இருந்தன. இந்த விராலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

சிலுப்பி கண்ணை அகலத் திறந்து பார்த்தது. அந்தச் சிவப்பு அசைந்தது. கடுகு கடுகாக ஆயிரம் குஞ்சுகள்! எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அப்பனைக் காணாமல் சுழன்றுகொண்டிருந்தன.

சிலுப்பியின் வாய் தானாகத் திறந்தது. விரால் நழுவி விடுபட்டது. விட்டதும் ஓடியதா? இல்லை! குஞ்சுகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு நேராகச் சிலுப்பியின் மூக்குக்கே வந்தது.

"நில், நில்! நான் உன்னைத் தொடமாட்டேன்" என்றது சிலுப்பி.

இவர்கள் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்துக்காகத்தானே கழுத்தன் காத்திருந்தது! சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கி, நீளக் கழுத்தை நீட்டி, குஞ்சுகளை வாரி வாரி விழுங்கத் தொடங்கியது. தலையிலிருந்து வால்வரை எல்லாம் உனக்குத்தான் என்று சொன்னதன் சூட்சுமம் சிலுப்பிக்கு அப்போதுதான் புரிந்தது.

"அடப்பாவி! காவலை நான் பிடித்துக் கொடுக்க, கூட்டை நீ காலி பண்ணுகிறாயா?" என்று கத்திக்கொண்டு, சிலுப்பி தன் தடித்த வாலைச் சுழற்றி ஓங்கி ஓர் அடி விட்டது. கழுத்தன் மூன்று குட்டிக்கரணம் அடித்துக் கோரைமேல் போய் விழுந்தது.

"நன்றி கெட்டவளே! கிடைத்த மீனையும் விட்டாய். உன் குட்டிகளுக்கு இனி எதைக் கொடுப்பாய்? கோரையையா?" என்று சபித்துக்கொண்டே வடகரைப் பக்கம் பறந்து போயிற்று.

சிலுப்பி அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டது. கழுத்தன் பொல்லாததுதான், ஆனால் அது கேட்ட கேள்வி பொய்யில்லையே! கடைக்குட்டி இந்நேரம் எப்படிக் கிடக்கிறதோ? சிலுப்பியின் கண்ணில் நீர் முட்டியது.

விரால் மெல்லப் பக்கத்தில் வந்தது.

"நீர்நாயம்மா, என் பெயர் வரியன். பிடித்த மீனை விட்ட நீர்நாயை நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. ஏன் விட்டாய்?"

"எனக்கும் வீட்டில் மூன்று இருக்கின்றன அண்ணே. நரி வந்தபோது நானும் ஓடவில்லை. அதனால் வந்ததுதான் இந்த நொண்டிக் கால். இப்போது மீனைத் துரத்த முடியவில்லை. மூன்று நாளாகக் குட்டிகள் ஒன்றும் தின்னவில்லை" என்று விசும்பியது சிலுப்பி.

வரியன் குஞ்சுகளை ஒரு முறை சுற்றி வந்தது. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுக் கேட்டது:

"உன்னால் துரத்த முடியாது. உட்கார்ந்திருக்க முடியுமா?"

"உட்கார்ந்துதானே இருக்கிறேன்?"

"அது போதும். இந்தக் குஞ்சுகளைத் தின்ன நாள் முழுக்கத் திருடர்கள் வருகிறார்கள். கெளுத்தி வருகிறது, நண்டு வருகிறது, தண்ணீர்ப்பாம்பு வருகிறது. நான் பாய்ந்து விரட்டுகிறேன். ஆனால் குஞ்சுகளை விட்டு இரண்டு முழம்கூடத் தாண்டிப் போக முடியாது. அதனால் திருடர்கள் நழுவிப் போய், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்துவிடுகிறார்கள். இனிமேல் அவர்களை உன் பக்கமாக விரட்டுகிறேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இரு."

சிலுப்பி கோரையோரம் போய் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. நெடுநேரம் ஆகவில்லை. கொழுத்த கெளுத்தி ஒன்று, மீசையை ஆட்டிக்கொண்டு, குஞ்சுகளை நோக்கிக் கள்ளத்தனமாக வந்தது. வரியன் இடப்பக்கமிருந்து பாய்ந்தது. கெளுத்தி வெலவெலத்துப்போய் வலப்பக்கம் திரும்பியது. நேராகச் சிலுப்பியின் வாய்!

அதைக் கவ்விக்கொண்டு, கால் வலியையும் மறந்து, சிலுப்பி வளைக்கு ஓடியது. முதல் துண்டை மென்று கடைக்குட்டியின் வாயில் வைத்தது. குட்டி அதை நக்கியது. மெல்ல விழுங்கியது. பிறகு, "கீச்!" என்றது.

அந்த ஒரு கீச்சைக் கேட்டதும் சிலுப்பிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. திரும்பக் கோரையோரம் ஓடி, "அண்ணே, கடைக்குட்டி கத்திவிட்டது! நீ நன்றாக இருக்க வேண்டும், உன் ஆயிரம் குஞ்சுகளும் நன்றாக இருக்க வேண்டும்!" என்று வாய் ஓயாமல் சொன்னது.

"எனக்கு எதற்கு நன்றி? இன்றுதான் ஜோடி போன பிறகு முதல்முறையாக நான் தைரியமாகக் கண் அயரப்போகிறேன். நன்றி சொல்ல வேண்டியது நான்" என்றது வரியன்.

"இல்லை, நான்தான்."

"நான்தான் என்கிறேன்!"

இப்படி நன்றிக்கும் ஒரு சண்டை போட்டுக்கொண்டு இரண்டும் அந்த மாதம் முழுவதும் கோரையோரம் காவல் இருந்தன. மீன் கூட்டுக்கு நீர்நாய் காவலா என்று காட்டில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். திருடர்கள் வரவரக் குறைந்தார்கள். அதற்குள் சிலுப்பியின் காலும் ஆறிவிட்டது. வரியனின் குஞ்சுகள் சிவப்பு நிறம் மாறி, கறுத்து, விரல் நீளம் வளர்ந்து, ஒவ்வொன்றாகப் பிரிந்து மடுவுக்குள் போயின.

கடைசிக் குஞ்சும் போன அன்று வரியன் சொன்னது: "அம்மா, என் காவல் முடிந்தது. நாளை முதல் நீ நீர்நாய், நான் மீன். நீ துரத்தினால் நான் ஓடுவேன்."

"நன்றாக ஓடு அண்ணே" என்றது சிலுப்பி.

வடகரைக்குப் போன கழுத்தன் என்ன செய்தது தெரியுமா? காட்டுப்பூனையோடு சேர்ந்துகொண்டு, அங்கே குஞ்சு காத்து நின்ற விரால்களை ஒன்று விடாமல் பிடித்துக் கொடுத்தது. குஞ்சுகளை வயிறு முட்ட விழுங்கியது. மறு வருஷம் மழை வந்தபோது வடகரையில் தவளைகள் மட்டும்தான் கத்தின. தென்கரையில் எங்கே பார்த்தாலும் விரால். கழுத்தன் இளைத்துத் துரும்பாகி, பழைய மருதமரக் கிளைக்கே வந்து சேர்ந்தது.

"அக்கா, பசி உயிர் போகிறது" என்றது.

சிலுப்பி அதை ஏற இறங்கப் பார்த்தது. "மடு எல்லோருக்கும் பொது. ஆழத்தில் போய்ப் பிடித்துத் தின்னு. கோரையோரம் மட்டும் எட்டிப் பார்த்தாயோ, என் வால் உனக்கு ஞாபகம் இருக்கும் அல்லவா?"

"இருக்கிறது, நன்றாக இருக்கிறது!" என்று கழுத்தன் அவசரமாகத் தலையை ஆட்டியது.

சிலுப்பியின் குட்டிகள் இப்போது நீந்தப் பழகிவிட்டன. அம்மா மீன் பிடிக்கும் அழகைக் கரையிலிருந்து பார்த்துப் பூரித்துப்போகும். அம்மா குறி வைத்த மீன் தப்பியதே இல்லை. ஒரே ஒரு விரால் மட்டும் எப்போதும் தப்பிவிடும். அதன் முதுகுத் துடுப்பில் பல் பதிந்த பழைய தழும்பு ஒன்று இருக்கும்.

"அம்மா, இவ்வளவு வேகமாக நீந்துகிறாய், அந்த ஒரு மீனை மட்டும் ஏன் உன்னால் பிடிக்க முடியவில்லை?" என்று கேட்கும் கடைக்குட்டி.

"என்ன செய்வது கண்ணே, அதன் பக்கத்தில் போனால் மட்டும் எனக்குக் கால் வலி வந்துவிடுகிறது" என்று சொல்லிவிட்டு, சிலுப்பி ஒரு சிலுப்பு சிலுப்பி மூன்று குட்டிகளையும் தொப்பலாக நனைத்துவிடும்.

நீதி: குஞ்சு காத்து நிற்கும் உயிரின்மேல் கை வைக்காதே, நீ தப்பவிட்ட அந்த உயிரின் நன்றி உன் பிள்ளைகளையும் சேர்த்துக் காக்கும்.